நீல ஐசிங்

நவம்பர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இது ஏழாவது கடிதம். முந்தைய ஆறும் உங்களுக்கு வந்து சேர்ந்தன என்று எனக்குத் தெரியும். சேராத கடிதத்தை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. நீங்கள் பதில் போடாததைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேன்தான், ஆனால் சொல்ல எனக்கு வாய் இல்லை.

உள்ளே வந்து ஒன்பது மாதம் ஆகிறது. சலவைக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கை சும்மா இருந்தால்தான் பயமாக இருக்கிறது.

மிளகு ஒரு தடவைகூட என்னைப் பார்க்க வரவில்லை. ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது, அண்ணி. பெற்றவளுக்கு இது தெரியவில்லை என்றால் அவள் என்ன பெற்றவள்.

ஒரே ஒரு விண்ணப்பம். டிசம்பர் விடுமுறை வந்தால் நானும் அவளும் சர்க்கரை குக்கி சுடுவோம், உங்களுக்கும் ஒரு டப்பா வருமே. நட்சத்திரம், கையுறை, பனிமனிதன் என்று வெட்டி, மேலே ஐசிங் போட்டு. அச்சுகள் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும், எங்கள் சாமான்களோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். இந்த வருஷம் நீங்கள் அவளோடு உட்கார்ந்து ஒரு தட்டாவது சுட முடியுமா? டிசம்பர் 27 ஒரு நாள் மட்டும் வீட்டுப் பண்டம் உள்ளே விடுவார்கள். எதுவாக இருந்தாலும் வாசலில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள், சோப்புக் கட்டியைக்கூட உடைக்காமல் விடமாட்டார்கள். உடைந்ததே போதும். தூளாக வந்தாலும் போதும். அவள் கை பட்டதாக ஏதாவது ஒன்று வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி

—

நவம்பர் 15

கடிதம் கிடைத்தது. ஏழும் கிடைத்தன. அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்கு வரவில்லை, அதனால் ஆரம்பிக்கவில்லை.

முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. கொஞ்சம் கோணல், என் தம்பி பல் மாதிரியே. சாப்பிடுகிறாளா என்றால், தட்டில் இருப்பதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்த்துகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதற்கு மேல் கேட்டால் அதுவும் இல்லை. மிளகு என்று பேர் வைத்தது அவன். இப்போது அந்தக் காரம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன் கடிதங்களை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன், அவள் தொடவில்லை. எடுத்து என் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். குப்பையில் போடவில்லை, அந்த மட்டுக்கும் நான் நல்லவள்.

குக்கி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தையல் தெரியும், சுடத் தெரியாது. இருந்தாலும் அந்த டின்னைத் தேடி எடுத்து, தையல் மேஜையில் வைத்துத் திறந்தேன். குழந்தை காலையில் சடை பின்னிக்கொள்ள வந்தவள், டின்னைப் பார்த்தாள். ஓடிப்போய்க் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நானும் கெஞ்சி, மிரட்டி, கதவைத் தட்டி ஓய்ந்துவிட்டேன். பள்ளிக்கூட மணி அடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். முகமெல்லாம் வெளுத்துப்போய், கையில் நகக்குறி. தன் நகம்தான்.

என்ன செய்து வைத்திருக்கிறாய் அந்தப் பிள்ளையை? ஒரு தகர டப்பாவைப் பார்த்து இப்படி நடுங்குகிறதே!

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது கையில் போன். பக்கத்தில் என் தம்பி. ரோடெல்லாம் பனி. அப்படி என்னடி தலைபோகிற போன்? கோர்ட்டில் "ஆமாம், என் தப்புதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாய். உனக்கு அங்கே மூன்று வருஷம். எனக்கு ஆயுசு முழுக்க.

அவன் அக்கா

—

நவம்பர் 22

அண்ணி,

டின்னை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவள் கண்ணில் படாத இடத்தில். குக்கியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் கேட்டதே தப்பு. எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, என் ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது.

அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியாது. இங்கிருந்து போகும் கடிதத்தை வேறு கண்களும் படிக்கின்றன என்பது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை. திட்டுங்கள், இன்னும் நன்றாகத் திட்டுங்கள், அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நகக்குறி எந்தக் கையில்? ஆழமாகவா? எனக்கு இங்கே யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. நேற்று மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தேன் என்று பக்கத்தில் இருப்பவள் சொன்னாள். எனக்கு நினைவில்லை. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெண் என்று பார்க்காதீர்கள். முதலில் முறுக்கிக்கொள்வாள், அப்புறம் தானாகச் சாய்வாள். தலையில் வலதுபக்கம் ஒரு சுழி இருக்கும், அங்கே விரல் வைத்தால் அடங்குவாள்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அண்ணி.

—

டிசம்பர் 3

யாராவது "செய்யாதே" என்றால் என்னால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. உனக்கும் தெரியும். அவன் கல்யாணத்திலேயே பார்த்திருப்பாய்.

பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு நானே அந்தக் குக்கியைச் சுட்டேன். அதற்குள் அப்படி என்ன பூதம் இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்று. டின் மூடிக்குள் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா. அளவெல்லாம் இருந்தது, எப்படிச் செய்வதென்று இல்லை. வெண்ணெயை உருக்கிப் பிசைந்தேன். அழகாகத்தான் வெட்டினேன், வெட்டுவது என் தொழில். ஓவனுக்குள் போய் ஐந்து நிமிஷத்தில் நட்சத்திரமும் பனிமனிதனும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே தட்டையாய்ப் பரவிவிட்டன. எடுத்து மேஜையில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மதியத்தோடு விட்டுவிட்டார்களாம், அது எனக்குத் தெரியாது. அவள் வந்து வாசலில் நிற்கிறாள்.

ஓடவில்லை. மூக்கை உறிஞ்சினாள். தட்டைப் பார்த்தாள். "அத்தை, மாவை ஃப்ரிட்ஜ்ல வைக்கலையா?" என்றாள். பத்து மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு இதுதான். நான் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல், "வைக்கணுமா?" என்றேன்.

"ஒரு மணி நேரம் வைக்கணும். வெட்டினப்புறம் மறுபடி கொஞ்ச நேரம். இல்லைன்னா ஓடிடும்."

அதைச் சொல்லி முடிக்கவும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். தான்தான் ஐசிங் சர்க்கரையைக் கொட்டிவிட்டதாக. அதை வாங்கத்தான் நீங்கள் இருவரும் கிளம்பியதாக. போனபிறகு நீலக் கலரும் தீர்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுப் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டதாக. "அம்மா, நீலமும்னு சொன்னேன். அம்மா சரிடி தங்கம்னு சொன்னா. அப்புறம் சத்தம் கேட்டுச்சு அத்தை. நான் போனை வைக்கவே இல்லை."

நீ அதைத்தான் மறைத்தாயா? கோர்ட்டில், என்னிடம், எல்லாரிடமும்? நான் தலைபோகிற போன் என்று எழுதினேனே. எழுதிய கையை என்ன செய்வது.

அதற்காக உன்னை மன்னித்தேன் என்று நினைக்காதே. குழந்தை கூப்பிடும், போனை எடுத்தது நீ.

ஆனால் இதைக் கேள். அவள் கட்டிலுக்குக் கீழே ஒரு பை இருந்தது. இரண்டு கவுன், ஒரு துண்டு, பல்துலக்கும் பிரஷ். எதற்கு என்று கேட்டேன். "நான் செஞ்ச தப்புக்கு அம்மா உள்ள இருக்காங்க. நான் போயிட்டா அம்மாவை விட்டுடுவாங்க இல்ல? போகணும்னுதான் வச்சேன். ஆனா பயமா இருக்கு அத்தை." உன்னைப் பார்க்க ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? வந்தால் தன்னை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறாள். பயந்துகொண்டு வராமல் இருந்ததையும் ஒரு பாவமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

உன் தப்பில்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை. "நீங்க வண்டில இல்லையே அத்தை" என்கிறாள். நியாயம்தானே. வண்டியில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். நேற்றிலிருந்து தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகிறது. எனக்குக் கைகால் ஓடவில்லை. எழுது. யார் படித்தாலும் படிக்கட்டும், உடனே எழுது.

—

டிசம்பர் 9

அண்ணி,

இதை அவளை மடியில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள். ஆனால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை படித்துவிடுங்கள். இதில் உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதாவிட்டால் நான் கேட்கமாட்டேன்.

மிளகு, அம்மா எழுதுகிறேன்.

நீ சர்க்கரையைக் கொட்டியபோது யாரும் உன்னைத் திட்டவில்லை. மேஜையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அப்பா அதில் விரலால் ஒரு மூக்கும் மீசையும் வரைந்து "இதோ அத்தை" என்றார். நாம் மூன்று பேரும் சிரித்தோம். அத்தை கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. கடைக்குப் போகலாம் என்று சொன்னது நான். நீ கேட்கவே இல்லை, நாளைக்குப் போடலாம் என்றுகூடச் சொன்னாய். நினைவிருக்கிறதா? கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

போன் என் பைக்குள் அடித்தது. யார் அடிக்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே நான் பையைத் திறந்துவிட்டேன். அப்பா சொன்னார், "எடுக்காதே. ஓரமா நிறுத்து, அப்புறம் எடு." நான் "ஒரு நிமிஷம்தான்" என்றேன். அவர் திரும்பவும், "நிறுத்தும்மா, ரோடு வழுக்குது" என்றார். நான் எடுத்தேன். ரோட்டைப் பார்க்கவில்லை.

கூப்பிட்டது நீ இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் நான் எடுத்திருப்பேன். தவறிப்போய் யாரோ அடித்திருந்தாலும் எடுத்திருப்பேன். போன் அடித்தது தப்பில்லை, போன் என்றால் அடிக்கத்தான் செய்யும். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாததுதான் தப்பு. அதற்குத்தான் என்னை இங்கே வைத்திருக்கிறார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். பையில் இருக்கும் கவுனை எடுத்து அலமாரியில் மாட்டு. பிரஷ்ஷைக் குளியலறையில் வை.

அண்ணி, உங்களுக்கு உரியது அதற்குள்ளேயே இருந்தது. அவர் சொன்னார், இரண்டு முறை சொன்னார், நான் கேட்கவில்லை. அவர் கடைசியாகப் பேசியது அதுதான். இதை உங்களிடமிருந்து மறைத்தது குழந்தைக்காக அல்ல, எனக்காக. நீங்கள் என்னைக் கொஞ்சமாவது வெறுக்காமல் இருக்கவேண்டும் என்று. இப்போது அந்தப் பிழைப்பும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் சாப்பிட்டாளா என்று மட்டும் யாரைக் கொண்டாவது தெரிவியுங்கள். ஒரு வார்த்தை போதும். "சாப்பிட்டாள்" என்று.

—

டிசம்பர் 18

சாப்பிட்டாள்.

உன் கடிதத்தை ஒரு தடவை படித்துவிட்டு மூன்று நாள் அதைத் தொடவில்லை நான். படித்த அன்று ஒருத்தரின் கோட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன், கை தவறிக் கைப்பகுதியைக் குட்டையாக வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. சொல்லியிருக்கிறான். சொல்லாமல் இருப்பானா? சின்ன வயசில் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போனாலும் ஒவ்வொரு முனையிலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். அவன் சொன்னதைப் போய் நீ கேட்கவில்லை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாகப் பொய் சொல்லமாட்டேன்.

அதுவரை அவளைக் கஞ்சியும் பாலுமாக ஊட்டி ஓட்டினேன், நாலாவது நாள் படித்துக் காட்டினேன். மீசை வரைந்ததையும் விடவில்லை. "நிறுத்தும்மா" என்ற இடத்தை மூன்று தடவை திரும்பப் படிக்கச் சொன்னாள். "அப்பா கோவமா சொன்னாரா?" என்றாள். அவன் கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை என்றேன். அப்புறம் எழுந்துபோய்ப் பையிலிருந்த கவுன்களை எடுத்து அலமாரியில் மாட்டினாள். பிரஷ் இன்னும் பையிலேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை. போகப்போகப் பார்க்கலாம்.

அடுத்த நாள் டின்னை அவளே எடுத்து வந்தாள். மாவு பிசைந்தோம், ஃப்ரிட்ஜில் வைத்தோம், கால் அங்குலக் கனத்தில் தேய்த்தோம். கால் அங்குலம் என்றால் நான் டேப்பை வைத்து அளந்தேன், அவள் கண்ணாலேயே சொன்னாள். ஐசிங்கில் முதலில் ஓரத்துக்குக் கெட்டியாக ஒரு வரப்பு கட்டிவிட்டு, உள்ளே தண்ணியாக விட்டு நிரப்பவேண்டுமாம். ஓரம் கட்டுவது எனக்கு வந்துவிட்டது, மடித்துத் தைப்பது மாதிரிதான். நடுவில் என்னைப் பார்த்து, "அங்க எல்லாத்தையும் உடைப்பாங்களாமே, நிஜமா?" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, பட்டன் டப்பாவிலிருந்த உன் கடிதங்களைப் படித்திருக்கிறாள். என்றைக்குப் படித்தாள் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எழுதப்போவதில்லை. நீயே பார்.

27-ஆம் தேதி பெட்டியை வாசல்வரை நான் கொண்டு வருவேன். உள்ளே வரமாட்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தெம்பில்லை. அவளும் வரவில்லை. கூப்பிட்டேன், "இன்னும் பயமா இருக்கு" என்றாள். வற்புறுத்தவில்லை.

மிளகின் அத்தை

—

டிசம்பர் 28

அண்ணி,

நேற்று மதியம் வாசலில் ஐந்தாறு பேர் பெட்டியோடு காத்திருந்ததாகச் சொன்னார்கள். அதில் சாம்பல் நிறக் கோட்டு போட்டவர் யாராவது உண்டா என்று கேட்டேன். இருந்தாராம். மணி நான்கு வரை நின்றாராம். குளிரில் அவ்வளவு நேரம் ஏன் நின்றீர்கள்.

பெட்டியை என் முன்னால் வைத்துத்தான் பிரித்தார்கள். முதலில் ஒரு கேக் பெட்டி, யாருடையதோ, கத்தியை விட்டுத் தோண்டினார்கள். அப்புறம் நம்முடையது. காவலம்மா மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். "என்ன இது, எல்லாமே பாதி பாதியா இருக்கு?" என்றார். மேலே ஒரு சீட்டு இருந்தது. பென்சிலில், பெரிய எழுத்தில். சத்தமாகப் படித்தார்: "உடைக்க வேண்டாம். நானே பாதியா வெட்டித்தான் சுட்டேன். உள்ளே ஒண்ணும் இல்லை, பாத்துக்கோங்க."

சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். உடைக்க ஒன்றும் இல்லாமல் மூடி என் கையில் கொடுத்துவிட்டார்.

அறைக்குக் கொண்டுவந்து கட்டிலில் துண்டை விரித்துப் பரப்பினேன். ஒவ்வொரு பாதிக்கும் தனியாக ஐசிங் வரப்பு, வெட்டிய பக்கத்திலும்கூட. ஒன்றும் உதிரவில்லை. எது எதோடு சேரும் என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வெட்டிய ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல்களைக் கவனித்தேன். ஒரு கீறலுக்கு ஒரு கீறல், இரண்டுக்கு இரண்டு. சட்டையில் கை சேரும் இடத்துக்கு நீங்கள் துணியில் போடுவீர்களே, அந்த அடையாளம். அதை அவள் உங்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று என் பெண் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் உடைந்துபோனேன், அண்ணி. அதுவரை அழவில்லை.

பதினொன்று முழுதாகச் சேர்ந்தன. கையுறை, பனிமனிதன், மீசை வைத்த ஒரு முகம். மீசை உங்களுக்கா, அவள் அப்பாவுக்கா என்று கேட்டுச் சொல்லுங்கள். சுடும்போது ஓரம் கொஞ்சம் உப்பிவிட்டதால், எப்படிச் சேர்த்தாலும் நடுவில் ஒரு நூலிடை இருக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை.

கடைசியில் ஒரு பாதி மிச்சமிருந்தது. பாதி நட்சத்திரம், ஓரத்தில் ஆறு கீறல். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், காகிதத்தை உதறினேன், வாசலில் விழுந்திருக்குமோ என்று போய்க் கேட்டேன். இல்லை. பெட்டியிலேயே அது ஒன்றுதான் நீலம்.

வாங்கியிருக்கிறீர்கள். நீலத்தை நீங்கள் போய் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆறு கீறல் போட்ட மறுபாதி அங்கே இருக்கிறது, இல்லையா? எங்கே வைத்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அந்தப் பையில், பிரஷ்ஷோடு இருக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு வருகிற நாள் அடுத்த மாதமாக இருக்கலாம், அடுத்த வருஷமாக இருக்கலாம். வராமலே போகலாம். எனக்கு இன்னும் இருபத்தைந்து மாதம் இருக்கிறது. என் பாதியை நான் தின்னவில்லை. தலையணைக்குக் கீழே வைத்தால் நொறுங்கிவிடும் என்று சோப்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பையைத் துவைக்கிறேன் என்று எடுத்து உதறிவிடாதீர்கள், அண்ணி. எறும்பு ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகின் அம்மா